மனிதர்களைப் போல வேகமாகப் பெருகும் உயிரினம் வேறு உண்டா?

கேள்வி, மார்ச் 3, 2025

1804 வாக்கில் உலக மக்கள்தொகை 100 கோடி. 2022 நவம்பரில் 800 கோடி. இருநூற்றுச் சொச்சம் ஆண்டில் எட்டு மடங்கு. இவ்வளவு வேகமாகப் பெருகிய உயிரினம் பூமியில் வேறு எதுவும் இல்லை என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். பாக்டீரியாவுக்கு மட்டும் விலக்கு தருகிறாராம். உண்மையா?

மார்ச் 3, இரவு 9:10

இல்லை. பெருகும் வேகத்தில் நாம் கடைசி பெஞ்ச்.

1960இல் 300 கோடி, 1999இல் 600 கோடி. இரட்டிப்பாக 39 ஆண்டு பிடித்தது. நம் உச்ச வேகம் 1960களில் வந்தது, ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அது அப்படியே நீடித்திருந்தாலும் இரட்டிப்பாக 33, 34 ஆண்டு ஆகியிருக்கும். (70ஐ வளர்ச்சி விழுக்காட்டால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும். மனக்கணக்குக்கு இது போதும்.)

சுண்டெலிக்கு மூன்று வாரக் கர்ப்பம், பிறந்த குட்டி ஆறேழு வாரத்தில் தானே தாயாகத் தயார். சரி, எலியை விடுங்கள், யானையை எடுப்போம். 22 மாதம் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனும். தீவனமும் தண்ணீரும் இருந்து வேட்டையும் இல்லாத காப்பகங்களில் ஆப்பிரிக்க யானைக் கூட்டங்கள் ஆண்டுக்கு 6, 7 விழுக்காடு வரை வளர்ந்திருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பு. உலக மக்கள்தொகை அந்த வேகத்தை ஒருநாளும் தொட்டதில்லை. யானையிடமே தோற்றாயிற்று, பாக்டீரியாவுக்கு விலக்கு எதற்கு?

அதையும் சொல்லிவிடுகிறேன். ஈ. கோலி என்ற பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். தடையே இல்லாமல் விட்டால் ஒரே நாளில் பூமியின் எடையை எட்டிவிடும்.

மார்ச் 3, இரவு 11:40

படுத்த பிறகு உறுத்தியது. எழுந்து கணக்குப் போட்டேன். ஒரே நாள் என்றது தப்பு.

24 மணி நேரத்தில் 72 முறை இரட்டிப்பு. ஒன்றில் தொடங்கினால் 47க்குப் பின்னால் இருபது சைபர் போட்ட அளவு செல்கள். ஒரு செல்லின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மொத்தம் சுமார் 4,700 டன். ஒரு சரக்கு ரயில் சுமக்கும் பாரம், அவ்வளவுதான். பூமியின் எடைக்கு 132 இரட்டிப்பு வேண்டும், அதாவது 44 மணி நேரம். முதல் நாள் முழுக்கப் பெருகி ஒரு ரயில், அடுத்த 20 மணி நேரத்தில் ஒரு கோள். என் தப்பைவிடச் சரியான விடைதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 4

காகிதக் கணக்கு போதும். மீன் தொட்டியில் தொல்லையாக மிதக்கும் டக்வீட் செடியிலிருந்து எட்டு இலைகளை எடுத்துக் கையகலக் கிண்ணத்தில் விட்டு ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். இதற்கு விதை, மகரந்தம் எதுவும் கட்டாயமில்லை. இலையின் ஓரத்தில் இன்னொரு இலை துளிர்க்கும், பிரியும், அதன் பாட்டைப் பார்க்கும். தினமும் எண்ணப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள்.

மார்ச் 6

ஒரே நாளில் பூமி என்று உளறியதற்குக் கேலி வந்தபடி இருக்கிறது. எனக்குப் பெரிய துணை ஒருவர் இருக்கிறார். சார்லஸ் டார்வின் 1859இல் இதே மாதிரி யானைக் கணக்கு ஒன்று போட்டார். இருக்கும் விலங்குகளிலேயே மெதுவாகப் பெருகுவது யானை, அதுவும் ஒரு ஜோடியிலிருந்து 500 ஆண்டில் 1 கோடியே 50 லட்சமாகும் என்றார். வாசகர்கள் கணக்கு இடிக்கிறது என்று சுட்டிக்காட்டினார்கள். பிந்தைய பதிப்பில் 740, 750 ஆண்டில் கிட்டத்தட்ட 1 கோடியே 90 லட்சம் என்று திருத்தினார்.

அவர் சொல்ல வந்தது எண்ணைப் பற்றியே அல்ல. எந்த உயிரினமாக இருந்தாலும் தடையின்றி விட்டால் பூமி கொள்ளாது. கொள்கிறது என்றால் பிறந்ததில் பெரும்பாலானவை செத்துக்கொண்டே இருக்கின்றன என்று அர்த்தம். இந்த இழையில் எல்லோரும் பிறப்பையே பார்க்கிறோம், நானும்தான்.

மார்ச் 10

கிண்ணத்தில் 31. ஆறு நாளில் இரண்டு இரட்டிப்பு என்றால் 32 வந்திருக்க வேண்டும். ஒன்றைக் காணோம். எண்ணும்போது விரலில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும்.

மார்ச் 11

இரண்டு மூன்று நாளாக யோசித்ததில் கேள்வியே வேறு என்று படுகிறது. வேகத்தில் நாம் தோற்றோம், சரி. ஆனால் கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். அங்கேதான் நாம் விசித்திரமான பிராணி.

பாக்டீரியாவுக்கு முதல் இரட்டிப்பும் 20 நிமிடம், பத்தாவது இரட்டிப்பும் 20 நிமிடம். உணவு இருக்கும் வரை வேகம் மாறாது. மனிதன் அப்படியில்லை. விவசாயம் தொடங்கிய காலத்தில் சில பத்து லட்சம் பேர் இருந்திருக்கலாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் 20, 30 கோடி. இடைப்பட்ட காலத்தில் சராசரியாக ஒவ்வோர் இரட்டிப்புக்கும் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு மேல். 50 கோடி 100 கோடியாக இருநூறு ஆண்டுக்கு மேல் ஆனது. 100 கோடி 200 கோடியானது 1804க்கும் 1927க்கும் நடுவில், 123 ஆண்டில். 200 கோடி 400 கோடியானது 1974இல், வெறும் 47 ஆண்டில்.

கூட்டம் பெருகப் பெருக, பெருகும் வேகமே ஏறியிருக்கிறது. மற்ற உயிரினங்களில் கூட்டம் நெருங்க நெருங்க வேகம் குறையும், இடமும் இரையும் பற்றாமல் போகும். நாம் அப்படியே தலைகீழ்.

1960இல் ஹைன்ஸ் ஃபான் ஃபோர்ஸ்டர் என்ற இயற்பியலாளரும் கூட்டாளிகள் இருவரும் இந்த ஏறும் வேகத்தை ஒரு சூத்திரத்தில் அடக்கினார்கள். அதன்படி மனிதத் தொகை ஒரு குறிப்பிட்ட நாளில் முடிவிலியைத் தொட வேண்டும். அந்த நாள் நவம்பர் 13, 2026, வெள்ளிக்கிழமை. இன்னும் இருபது மாதம். அவர்கள் பாதி குறும்பாக எழுதியது என்றே நினைக்கிறேன், நாளைக் குறித்த விதமே சொல்கிறது (13ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்றால் மேலைநாட்டில் அபசகுனம்). ஆனால் பழைய தரவுக்கு அந்தச் சூத்திரம் அழகாகப் பொருந்தியது.

மார்ச் 12

நேற்றைய கணக்கில் கடைசி வரியை எழுத விட்டுவிட்டேன். 400 கோடி 800 கோடியானது 1974க்கும் 2022க்கும் நடுவில், 48 ஆண்டில். அதாவது 47க்கு அப்புறம் 48. வரலாறு முழுக்கச் சுருங்கிக்கொண்டே வந்த இடைவெளி இங்கே நின்றுவிட்டது. இனி நீளும். இழையிலேயே முக்கியமான எண் இதுதான், அதைப் போய் மறந்திருக்கிறேன்.

மார்ச் 13

ஏன் வேகம் ஏறியது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதிகம் பெற்றதால் அல்ல, குறைவாகச் செத்ததால்.

என் பாட்டி பெற்றது ஒன்பது. வளர்ந்து ஆளானது ஐந்து. மற்ற நால்வரின் பெயர்களை அவர் வரிசையாகச் சொல்வார், அழாமல், யாருக்கோ முகவரி சொல்வது போல. சிறு வயதில் அது எனக்குப் புரியவில்லை. உலகமெங்கும் மனித வரலாற்றின் பெரும்பகுதியில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் வயது வரும் முன்பே இறந்தன. ஒன்பதுக்கு ஐந்து என்பது சராசரியைவிட ஒரு துளி நல்ல கணக்கு. இன்று உலக அளவில் ஐந்து வயதுக்குள் இறப்பது நூற்றில் நான்குக்கும் குறைவு.

நல்ல தண்ணீர், சாக்கடை, தடுப்பூசி. அப்புறம் உரம். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் ஹேபர்–போஷ் முறை 1913இல் ஆலைக்கு வந்தது. இன்றைய மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிக்கு உணவு அந்த நைட்ரஜனால் விளைகிறது. எலி தன் உணவுத் தட்டைத் தானே பெரிதாக்கிக்கொள்வதில்லை.

மார்ச் 16

கிண்ணத்தில் 118.

மார்ச் 17

"தட்டைப் பெரிதாக்கினால் தட்டு உடையாதா?" என்று மேலே ஒரு குரல். அதற்கு ஒரு தீவின் கதை.

அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்ற தீவு. 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை 29 பனிமான்களை அங்கே கொண்டுபோய் விட்டது, அவசரத்துக்கு இறைச்சியாகட்டும் என்று. போர் முடிந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. ஓநாய் இல்லை. பாறை முழுக்க மெத்தை போல லைக்கன் (பாசி போலப் படரும், மான் மேயும் உயிர்) வளர்ந்து கிடந்தது. 1957இல் டேவிட் கிளைன் என்ற உயிரியலாளர் போய் எண்ணியபோது 1,350. 1963இல் 6,000. இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிப்பு. 1966இல் மறுபடி போனார். தரையெங்கும் எலும்புக்கூடுகள், உயிரோடு 42. அதில் ஆண் ஒன்றே ஒன்று, அதுவும் இனப்பெருக்கத்துக்கு லாயக்கில்லாதது. 1980களில் எதுவும் மிச்சமில்லை.

இந்தக் கதையைப் படித்த அன்று எனக்கு என் மீன் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. கப்பி மீன் மூன்று வாங்கினேன், இரண்டு பெண், ஒரு ஆண். மாதம் ஒரு முறை குட்டி போடும். ஆணைத் தனியே பிரித்தும் பயனில்லை, பெண் கப்பி விந்தணுவை மாதக்கணக்கில் உடலுக்குள்ளேயே சேமித்து வைக்கும், அது எனக்கு அப்போது தெரியாது. எட்டாவது மாதம் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு வார இறுதிக்கு வெளியூர் போனபோது வடிகட்டி நின்றுபோனது. திரும்பி வந்தால் தண்ணீர் பால் போலக் கலங்கியிருந்தது. பசியால் ஒரு மீனும் சாகவில்லை. தங்கள் கழிவிலேயே செத்தன.

மார்ச் 19

பனிமான் கதையை எழுதிவிட்டு இரண்டு நாளாக மனசு சரியில்லை. பயமுறுத்த வசதியான கதை. பலரும் இதைச் சொல்லி முடித்துவிட்டு மனிதனைப் பார்த்துக் கண் சிமிட்டுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

முதலில், நான் ஒன்றை மறைத்தேன். 1963–64 குளிர்காலம் அந்தத் தீவில் மிகக் கடுமையானது. லைக்கன் மேய்ந்து தீர்ந்திருந்ததும் உண்மை, பனி அடித்ததும் உண்மை. இரண்டும் சேர்ந்துதான் அத்தனை மான்களையும் வீழ்த்தின. அடுத்து, மானின் பிறப்பு விகிதம் எப்போது குறைந்தது? உடல் மெலிந்த பிறகு. பசி சொல்லித்தான் நின்றது.

மனிதனின் பிறப்பு விகிதம் எப்போது குறைந்தது? 1960களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5 குழந்தை. இப்போது 2.3க்குள். அந்த அறுபது ஆண்டில் தலைக்குக் கிடைக்கும் உணவு உலக அளவில் கூடியிருக்கிறது. எங்கே வசதி அதிகமோ அங்கே பிறப்பு குறைவு. தென் கொரியாவில் 2023இல் 0.72. லைக்கன் நிறைந்து கிடக்கும் தீவில், கொழுத்த மான்கள் குட்டி போடுவதைத் தாமாகக் குறைத்துக்கொண்ட மாதிரி.

பாட்டி ஒன்பது, அம்மா மூன்று, நான் ஒன்று. எங்கள் வீட்டில் யாரும் பட்டினியால் நிறுத்தவில்லை.

மார்ச் 22

படம் பிடித்துப் பெரிதாக்கி எண்ணினேன். 400 இருக்கும், பத்து முன்னேபின்னே. வேகம் லேசாகத் தளர்கிறது. கிண்ணத்தில் பாதி பச்சை. வீட்டில் இப்போது சிரிப்பதில்லை, காலையில் எனக்கு முன்பே போய்ப் பார்க்கிறார்கள்.

மார்ச் 25

"எண்ணிக்கையில் எறும்பு நம்மைவிட எத்தனையோ மடங்கு, எடையிலும் சமம், அப்புறம் என்ன பெருமை" என்று நான் வேறொரு பதிலில் எழுதியிருந்தேன். சமம் என்பது எங்கேயோ படித்து மண்டையில் ஒட்டியது. தப்பு.

2022இல் வந்த மதிப்பீட்டின்படி உலகில் எறும்புகள் சுமார் 20,000 லட்சம் கோடி. ஆளுக்கு 25 லட்சம். ஆனால் எல்லா எறும்புகளின் உடலிலும் உள்ள கார்பனைச் சேர்த்தால் 1.2 கோடி டன். மனிதர்களுடையது சுமார் 6 கோடி டன். ஐந்தில் ஒரு பங்குதான் எறும்பு.

இந்த எடைக் கணக்கில் இறங்கினால் வெளியே வரவே மனமில்லை. 2018இல் இஸ்ரேல், அமெரிக்க ஆய்வாளர்கள் எல்லா உயிர்களையும் கார்பன் எடையில் நிறுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 55,000 கோடி டன். அதில் 45,000 கோடி செடிகொடி மரங்கள். பாக்டீரியா 7,000 கோடி. நாம் 6 கோடி, அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். 800 கோடிப் பேரையும் நெருக்கி ஒரு கனசதுரமாக அடுக்கினால் பக்கத்துக்கு முக்கால் கிலோமீட்டர்கூட வராது. மலையடிவாரத்தில் வைத்தால் கண்ணில் படாமலே போகலாம்.

ஆனால் அதே பட்டியலில் இன்னொரு வரி. நாம் வளர்க்கும் பாலூட்டிகள், மாடு, பன்றி, ஆடு எல்லாம், சுமார் 10 கோடி டன். திமிங்கிலம், யானை, எலி உட்பட எல்லாக் காட்டுப் பாலூட்டிகளும் சேர்ந்து 70 லட்சம் டன். வளர்ப்புக் கோழிவகைகள் 50 லட்சம், காட்டுப் பறவைகள் அனைத்தும் 20 லட்சம். நண்பர் தேடும் வேகப் பெருக்கம் இங்கே இருக்கிறது. பெருகியது நாம் தனியாக இல்லை, ஒரு கூட்டணி. அதில் எண்ணிக்கையில் கோழியின் தரப்பு நம்மைவிடப் பெரும் வெற்றி, கோழியைக் கேட்டால் என்ன சொல்லும் என்பது வேறு விஷயம்.

ஏப்ரல் 2

முதல் நாள் "கடைசி பெஞ்ச்" என்றதை முழுதாகத் திரும்பப் பெறாமல் கொஞ்சம் தளர்த்துகிறேன். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒராங்குட்டான் ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் ஏழெட்டு ஆண்டு இடைவெளி விடும். சிம்பன்சி ஐந்தாறு. வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் மனிதக் குழுக்களில் மூன்று, நான்கு. நம் சொந்த வகுப்பில் நாம் முதல் மாணவர்தான். தாய் ஒருத்தியே சுமக்காமல் பாட்டி, அத்தை, அக்கா என்று கைமாற்றி வளர்ப்பதால் முடிகிறது என்கிறார்கள் மானிடவியலாளர்கள். பெறும் வயது கடந்தும் பெண் பல பத்தாண்டுகள் வாழ்வது பாலூட்டிகளில் அபூர்வம். நம்மையும் கொலையாளித் திமிங்கிலம் போன்ற பல்லுள்ள திமிங்கிலங்கள் சிலவற்றையும் தவிர அதிகம் சொல்ல முடியாது.

மனிதனின் உச்ச வரம்பு எது என்று ஒருவர் கேட்டார். வட அமெரிக்காவின் ஹட்டரைட் சமயக் குழுவைச் சொல்வார்கள். 1880இல் 443 பேர், 1950இல் 8,542 பேர். ஆண்டுக்கு 4 விழுக்காட்டுக்கு மேல், பதினாறு பதினேழு ஆண்டில் இரட்டிப்பு. நன்றாகச் சாப்பிட்டு, மருத்துவம் பார்த்து, குடும்பக் கட்டுப்பாடே இல்லாமல். அப்படியும் யானைதான் முந்தியது.

ஏப்ரல் 5

கிண்ணம் மூடிவிட்டது. தண்ணீரே தெரியவில்லை. கால் பங்கை எண்ணி நான்கால் பெருக்கினேன், சுமார் 1,900. முதல் வார வேகம் நீடித்திருந்தால் இந்த 32 நாளில் 13,000 ஆகியிருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன, அடியிலிருப்பவை வெளுத்துப் போகின்றன.

பெல்ஜியக் கணிதவியலாளர் பியேர் வெர்ஹுல்ஸ்ட் 1838இல் வரைந்த கோடு அப்படியே வந்திருக்கிறது. மெல்லத் தொடங்கி, பாய்ந்து, வளைந்து, படுத்துவிடும் கோடு. 1920இல் ரேமண்ட் பேர்ல், லோவெல் ரீட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் இதே கோட்டை அமெரிக்க மக்கள்தொகைக்குப் பொருத்தி, உச்சம் 19.7 கோடியில் நிற்கும் என்றார்கள். அமெரிக்கா 1960களிலேயே அதைத் தாண்டிப் போய், இப்போது 33 கோடிக்கும் மேல். டக்வீட்டுக்குக் கிண்ணத்தின் விளிம்பு தெரியும். நமக்கு விளிம்பு எங்கே என்று கோடு போட்டவர்கள் எல்லாம் இதுவரை அவமானப்பட்டிருக்கிறார்கள், மேலே போட்டவர்களும் கீழே போட்டவர்களும்.

ஏப்ரல் 6

"அப்படியானால் கவலையே வேண்டாமா?" நான் அப்படிச் சொல்லவில்லை. என் கப்பி மீன்களைத் திரும்பப் படியுங்கள். அவற்றை முடித்தது எண்ணிக்கையும் இல்லை, உணவும் இல்லை, கழிவு.

ஜூன் 9

இரண்டு மாதம் கழித்து எட்டிப் பார்க்கிறேன், கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். நண்பர் யானையை ஒப்புக்கொள்ளவில்லையாம். "காப்பகத்து யானை கணக்கில் வராது, உலகத்து யானை முழுவதையும் எடுத்தால் குறைகிறதே" என்கிறாராம். இந்த ஒரு வாதத்தில் அவர் சொல்வது சரிதான். முடிந்த வேகம் வேறு, நடந்த வேகம் வேறு. நான் இரண்டையும் குழப்பினேன். நடந்ததை மட்டும் எடுத்தால், இருநூறு ஆண்டு விடாமல், உலகம் முழுக்க, இவ்வளவு பெரிய உடம்போடு ஏறிய காட்டுப் பிராணி நம்மைத் தவிர எனக்கும் தோன்றவில்லை. பாதி மதிப்பெண் அவருக்கு.

ஐ.நா. 2024இல் வெளியிட்ட கணிப்பு, 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டு மெல்ல இறங்கும் என்கிறது. அதையும் பேர்லும் ரீடும் மாதிரி யாராவது ஒருநாள் எடுத்துச் சிரிப்பார்களோ என்னவோ.

டக்வீட்டை ஏப்ரலிலேயே அள்ளிப் பூந்தொட்டி மண்ணில் போட்டுவிட்டேன், நல்ல உரம். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாயிற்று. நேற்று பக்கத்து ஜன்னலில் தண்ணீர் நிற்கும் தட்டில் ஐந்து இலை மிதக்கிறது. யார் கொண்டுபோய் விட்டது என்று வீட்டில் கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் தட்டின் ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதியிருக்கிறது.